அடைத்த பிறகும் திறந்தே கிடந்த ஓட்டை: 2023 செப்டம்பர் வெப்பி நிகழ்வு

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் காலை பத்து மணிக்கே எல்லோர் முகத்திலும் களைப்பு. முந்தைய நாள்தான் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள். அடுத்து 20ஆம் தேதி 3பி, 30ஆம் தேதி வருமான வரித் தணிக்கை அறிக்கை. செப்டம்பர் பிறந்துவிட்டால் அங்கே யாரும் கணினியை அணைப்பதே கிடையாது. இரவு திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்கள்.

கணக்குப் பார்க்கும் அக்காவின் குரோமில் அன்று நாற்பதுக்கும் மேல் டேப்கள் திறந்திருந்தன. தலைப்பெல்லாம் சுருங்கி மறைந்து, சின்னங்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

"அக்கா, குரோமை ஒரு தடவை மூடித் திறக்கணும்."

"வேண்டாம் தம்பி. ஒரு டேப் ஒரு பார்ட்டி. முடிச்சதை மூடிடுவேன், மூடாம இருக்கிறது எல்லாம் பாக்கி. இதான் எனக்கு நோட்டு. இதை மூடிட்டா யாருக்கு என்ன பாக்கின்னு எனக்கே தெரியாது."

மூன்று புள்ளியை அழுத்தி, உதவிக்குள் போய், 'குரோம் பற்றி' பக்கத்தைத் திறந்தேன். 116.0.5845.180 என்று காட்டியது. அன்று இருந்திருக்க வேண்டியது 187 அல்லது 188. முன்னால் உள்ள 116 மாறவில்லை, நடுவில் உள்ள 5845 மாறவில்லை, கடைசியில் ஏழெட்டு எண் மட்டும் கூடுதல். பார்க்கிறவருக்கு இது அற்ப வித்தியாசமாகத்தான் படும். அந்த ஏழெட்டு எண்ணுக்குள் இருந்தது, வெப்பி என்ற பட வடிவத்தைப் பிரிக்கும் நிரலில் இருந்த பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம். அது எங்கிருந்து வந்தது, வந்த பிறகும் ஏன் பல கணினிகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை முழுக்க எழுதி வைக்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

டொரன்டோவில் கிடைத்த தடயம்

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் மங்க் பள்ளியின் கீழ் இயங்கும் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்கூடம் உளவு மென்பொருள்களைத் தேடிக் கண்டுபிடிப்பதையே வேலையாகக் கொண்டது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இயங்கும் ஒரு குடிமைச் சமூக அமைப்பின் ஊழியர் ஒருவருடைய ஐபோனைப் பரிசோதித்தபோது, இஸ்ரேலின் என்எஸ்ஓ குழுமம் விற்கும் பெகாசஸ் உளவு மென்பொருளை இறக்கப் பயன்பட்ட ஒரு புதிய வழி அவர்களுக்குத் தட்டுப்பட்டது. ஐமெசேஜில் வரும் ஒரு பாஸ்கிட் இணைப்பு, அதாவது விமான போர்டிங் பாஸ், சினிமா டிக்கெட் போன்றவற்றை வாலட்டில் வைக்கும் கோப்பு வகை. அதற்குள் ஒரு படம். போன்காரர் எதையும் தொட வேண்டியதில்லை, எதையும் திறக்க வேண்டியதில்லை. செய்தி வந்து சேர்ந்தாலே போதும். இதைத்தான் ஜீரோ கிளிக் தாக்குதல் என்கிறார்கள். சிட்டிசன் லேப் இதற்கு பிளாஸ்ட்பாஸ் என்று பெயர் வைத்தது.

ஆப்பிள் வேகமாகச் செயல்பட்டது. செப்டம்பர் 7 அன்று ஐஓஎஸ் 16.6.1 வெளியானது. பழைய போன்களுக்கான 15.7.9 நான்கு நாள் கழித்து வந்தது. ஆப்பிள் தன் குறிப்பில் இமேஜ்ஐஓ என்ற, படங்களைத் திறந்து காட்டும் தன் பகுதியில் ஓர் எல்லை மீறல் இருந்ததாகச் சொல்லி, சிவிஇ-2023-41064 என்ற ஓட்டைப் பதிவு எண்ணைக் கொடுத்தது. சில வசதிகளைக் குறைத்துப் பாதுகாப்பைக் கூட்டும் லாக்டவுன் மோடைப் போட்டு வைத்திருந்தால் இந்தத் தாக்குதல் பலித்திருக்காது என்று ஆப்பிளின் பாதுகாப்புப் பொறியியல் குழு தங்களிடம் உறுதி செய்ததாக சிட்டிசன் லேப் எழுதியது. பத்திரிகையாளர்களும் மனித உரிமை வழக்குகளில் இருப்பவர்களும் இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை இது ஐபோன் கதை. ஆனால் அதற்கு முந்தைய நாளே, செப்டம்பர் 6 அன்று, அதே ஆப்பிள் குழுவும் சிட்டிசன் லேபும் சேர்ந்து கூகுளுக்கு ஒரு புகார் அனுப்பியிருந்தன. 11ஆம் தேதி வெளியான குரோம் அப்டேட்டின் குறிப்பில் அவர்கள் பெயர் இருந்தது. வெப்பி படத்தில் ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ (நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும் பிழை), எண் சிவிஇ-2023-4863, இதைப் பயன்படுத்தும் தாக்குதல் ஏற்கெனவே வெளியே நடமாடுகிறது என்று கூகுளுக்குத் தெரியும். மொத்தமே அவ்வளவுதான். அந்த ஆண்டில் குரோமில் இப்படித் தாக்குபவர்கள் முந்திக்கொண்ட நான்காவது ஓட்டை அது.

வெப்பி என்பது 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய பட வடிவம். ஜேபெக், பிஎன்ஜி படங்களைவிடக் கோப்பு சிறியதாக இருக்கும், தளம் சீக்கிரம் திறக்கும். 2019இல் பயர்பாக்ஸும் 2020இல் சஃபாரியும் ஏற்றுக்கொண்ட பிறகு அது இணையம் முழுக்கப் பரவிவிட்டது. காலை வணக்கத்தோடு பூவும் தீபமுமாக வாட்ஸப்பில் வந்து விழும் ஸ்டிக்கர்கள்கூட வெப்பி கோப்புகள்தான். எந்த நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தாலும் அநேகமாக எல்லோரும் இந்தப் படத்தைப் பிரிக்க ஒரே திறமூல நிரல் தொகுப்பைத்தான் எடுத்து வைத்திருந்தார்கள். அதன் பெயர் லிப்வெப்பி. ஓட்டை இருந்தது அங்கே.

கைக்கெட்டும் தட்டும் பரணும்

ஓட்டை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். "ஏதோ பக் இருந்தது, சரிசெய்துவிட்டார்கள்" என்று கடந்துபோனால், நல்ல பொறியாளர்கள் எழுதிய, ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்பட்ட நிரலில் இது எப்படி ஒளிந்திருந்தது என்பது புரியாமலே போய்விடும்.

தரம் குறையாமல் படத்தைச் சுருக்கும் வெப்பி வகையில் ஹஃப்மன் குறியீடு என்ற பழைய உத்தி பயன்படுகிறது. மளிகைக் கடைக்காரர் சரக்கை அடுக்கி வைப்பதைப் போன்றது அது. உப்பு, பருப்பு, எண்ணெய் எல்லாம் அடிக்கடி போகும், அதனால் கைக்கெட்டும் தட்டில் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை கேட்கும் பொருள் பரணில் கிடக்கும். படத்தில் அடிக்கடி வரும் மதிப்புக்குச் சிறிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு. நீளம் அதிகபட்சம் 15 பிட்.

லிப்வெப்பி இதை வேகமாகப் பிரிக்க இரண்டு அடுக்கு அட்டவணை வைத்திருந்தது. எட்டு பிட்டுக்குள் அடங்கும் குறியீடுகள் முதல் அட்டவணையில், 256 இடங்களில் இருக்கும். அதற்கு மேல் நீண்டவற்றுக்கு முதல் அட்டவணையில் "பரணில் இந்த மூலையைப் பார்" என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அந்தப் பரண்தான் இரண்டாம் அடுக்கு.

தட்டும் பரணும் சேர்ந்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் வேகம் குறையும். அதனால் எழுதியவர்கள் முன்கூட்டியே ஓர் உச்சவரம்பைக் கணக்கிட்டு வைத்தார்கள். சிவப்பு, நீலம், ஒளிபுகும் தன்மை மூன்றுக்கும் தலா 630 இடம். ஏற்கெனவே வந்த பகுதி எவ்வளவு பின்னால் இருக்கிறது என்ற தூரத்தைக் குறிக்கும் அட்டவணைக்கு 410. பச்சையும், அப்படித் திரும்ப எடுக்கும் பகுதியின் நீளமும் சேர்ந்த அட்டவணைக்கு, அண்மை நிறங்களைச் சேமித்து வைக்கும் வசதி இல்லாத படத்தில், 654. கூட்டினால் 2954. முறையாக அமைந்த எந்த ஹஃப்மன் குறியீட்டுத் தொகுப்பாக இருந்தாலும் இதற்கு மேல் இடம் கேட்காது. கணக்கில் பிழை இல்லை. ஐந்து அட்டவணைக்கும் சேர்த்து அத்தனை இடத்தையும் நினைவகத்தில் ஒரே துண்டாக வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிக்கொண்டே போகும் நிரல்.

'முறையாக அமைந்த' என்ற சொல்லில்தான் சிக்கல். படத்தை அனுப்புகிறவர் முறையாகத்தான் அமைத்திருப்பார் என்று யார் சொன்னது? குறியீடுகள் முறையாக இருக்கின்றனவா என்று நிரல் சரிபார்க்கத்தான் செய்தது. ஆனால் அட்டவணையை நிரப்பி முடித்த பிறகு சரிபார்த்தது. மூட்டைகளை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, கடைசியில் சீட்டைப் பார்த்து "இது நம் கடைச் சரக்கே இல்லையே" என்று சொல்வதைப் போல. அதற்குள் பரண் தாங்காமல் மூட்டை பக்கத்து வீட்டில் விழுந்திருக்கும்.

தாக்குதலுக்கான படத்தில் முதல் நான்கு அட்டவணைகளும் முறையானவை, ஆனால் ஒவ்வொன்றும் தனக்குரிய உச்சவரம்பைத் துல்லியமாகத் தொட்டு நிற்கும்படி செதுக்கப்பட்டவை. ஒரு இடம்கூட மிச்சம் இருக்காது. ஐந்தாவது மட்டும் முறைகேடானது. அது தனக்கான இடத்தையும் தாண்டி, வாங்கிய துண்டின் எல்லைக்கு வெளியே எழுதும். எல்லைக்கு வெளியே எழுத முடிந்தால், திறமைசாலி ஒருவர் அதிலிருந்து படிப்படியாக முன்னேறித் தன் கட்டளைகளை ஓடவைக்க வழி தேடலாம்.

இந்த விளக்கத்தை உலகுக்குத் தெளிவாக எழுதியவர் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவை முன்பு வழிநடத்திய பென் ஹாக்ஸ். செப்டம்பர் 21 அன்று எழுதினார். தானியங்கியாகக் கோடிக்கணக்கான கோணல்மாணல் கோப்புகளைக் கொடுத்து நிரலைச் சோதிக்கும் ஃபஸ்ஸிங் முறையில் லிப்வெப்பி ஆண்டுக்கணக்காகச் சோதிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் இது சிக்கவில்லை. நான்கு அட்டவணையும் உச்சத்தைத் தொட்டு, ஐந்தாவது மட்டும் தவற வேண்டும் என்றால், தற்செயலாக அப்படி ஒரு கோப்பு உருவாகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. நிரலை ஒருவர் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்து, யோசித்துத்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த வரிகள் 2014இல், பிரிக்கும் வேகத்தைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டவை. கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டு அங்கேயே இருந்திருக்கின்றன.

ஐபோனில் வந்ததும் குரோமில் அடைத்ததும் ஒரே ஓட்டைதானா என்ற கேள்விக்கு அப்போது எந்த நிறுவனமும் வெளிப்படையாகப் பதில் சொல்லவில்லை. 2025இல் புராஜெக்ட் ஜீரோவின் இயன் பியர் தாக்குதலுக்குப் பயன்பட்ட கோப்புகளையே பிரித்து எழுதியபோது சந்தேகம் தீர்ந்தது. அந்த வாலட் கோப்புக்குள் பிஎன்ஜி என்ற பெயரோடு இருந்த ஒரு படம் உண்மையில் வெப்பி.

ஒட்டுப் போட்டதும் ஊருக்குத் தெரியும்

என் பார்வையில் இந்த நிகழ்வின் நடுநாயகமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

லிப்வெப்பி திறமூலம். அதில் யார் எதை மாற்றினாலும் உலகில் எவரும் பார்க்கலாம். செப்டம்பர் 7 அன்று அதன் பொது நிரல் களஞ்சியத்தில் ஒரு திருத்தம் சேர்ந்தது. ஹஃப்மன் அட்டவணை கட்டும் இடத்தில் எல்லை தாண்டி எழுதுவதைத் தடுக்கும் திருத்தம் என்று அதன் தலைப்பிலேயே இருந்தது. முதலில் எதையும் எழுதாமல் அளவை மட்டும் கணக்கிட்டு, முறைகேடு இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பிறகு நிரப்பும்படி மாற்றியிருந்தார்கள். சரியான திருத்தம். ஆனால் வீட்டின் எந்தச் சுவரில் புதிதாகச் சிமெண்ட் பூசியிருக்கிறது என்று தெரிந்தால், பூசாத வீடுகளில் எந்தச் சுவரை இடிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். குரோம் பயனர்களுக்கு அந்தத் திருத்தம் வந்தது 11ஆம் தேதி.

இடையில் உள்ள அந்த நான்கு நாளைக் குறை சொல்ல நான் வரவில்லை. குரோம் குழுவினரே இந்த இடைவெளியைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் திருத்தம் பொதுவெளியில் சேர்வதற்கும் பயனருக்குப் போய்ச் சேர்வதற்கும் சராசரியாக 35 நாள் ஆனது. 2020இல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு அப்டேட் வெளியிடத் தொடங்கியதும் அது 15 நாள் அளவுக்குக் குறைந்தது. 2023 ஆகஸ்டில், இதே 116ஆம் பதிப்பிலிருந்து, வாரம் ஒருமுறை என்று மாற்றினார்கள். வெப்பி விவகாரம் அதற்கடுத்த மாதமே வந்தது. வாரம் ஒன்று என்ற முறையையும் மீறி, அவசரமாகத் தனி வெளியீடு செய்தார்கள்.

அவர்கள் பக்கம் இடைவெளியைப் பல ஆண்டு உழைத்து 35 நாளிலிருந்து நான்கு நாளாக்கினால், நம் பக்கம் டேப்பை மூட மனமில்லாமல் அதை மறுபடியும் மூன்று வாரமாக்கிவிடுகிறோம்.

குரோம் அப்டேட் வேலை செய்யும் விதம் பலருக்குத் தெரியாது. புதிய பதிப்பைப் பின்னணியில் அதுவே இறக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய பதிப்புதான். மூடித் திறந்தால்தான் புதியது ஓடத் தொடங்கும். "ஆட்டோ அப்டேட் ஆன்லதான் இருக்கு" என்று சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கும், ஆனாலும் ஓடுவது பழையதாக இருக்கும். இதை நினைவூட்டத்தான் வலது மூலையில் நிறம் மாறுகிறது. அப்டேட் வந்து இரண்டு நாளுக்குள் என்றால் பச்சை, நான்கு நாள் ஆனால் ஆரஞ்சு, ஒரு வாரம் தாண்டினால் சிவப்பு. நான் போகும் அலுவலகங்களில் பச்சையை அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பயர்பாக்ஸ் 12ஆம் தேதி 117.0.1 பதிப்பை வெளியிட்டது. அதே நாள் எட்ஜுக்கும் திருத்தம் வந்தது. குரோமுக்கு அடித்தளமான குரோமியம் நிரலின் மேல் கட்டப்பட்ட பிரேவ், விவால்டி, ஓபரா எல்லாம் அடுத்தடுத்து வந்தன. ஐபோனில் குரோம் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் விஷயம் உண்டு. அங்கே அப்போது எந்த உலாவியாக இருந்தாலும் உள்ளே இருந்தது வெப்கிட் என்ற ஆப்பிளின் உலாவி இயந்திரம்தான். அதனால் குரோமை மட்டும் புதுப்பித்தால் போதாது, போனின் ஐஓஎஸ்ஸையே புதுப்பிக்க வேண்டியிருந்தது.

உலாவிக்கு ஒரு நல்ல தற்காப்பும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். குரோம் ஒவ்வொரு தளத்தையும் சாண்ட்பாக்ஸ் என்ற தனிக்கூண்டுக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறது. படத்தைப் பிரிப்பதும் அந்தக் கூண்டுக்குள்தான். ஆக, இந்த ஒரு ஓட்டையால் மட்டும் கணினி முழுவதும் கைமாறிவிடாது, கூண்டை உடைக்க இன்னொரு ஓட்டையும் வேண்டும். ஆனால் தொழில்முறையாக உளவு மென்பொருள் விற்பவர்கள் ஓட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத்தான் விற்கிறார்கள். ஒரு கண்ணியை அறுத்தாலும் அவர்கள் பிழைப்பு கெடும் என்பதால்தான் ஒவ்வொரு ஒட்டும் முக்கியமாகிறது.

பெயர் தவறியதால் நீண்ட இரண்டு வாரம்

உலாவிகள் சீக்கிரம் அடைத்துக்கொண்டன. லிப்வெப்பியைத் தங்களுக்குள் சுமந்துகொண்டிருந்த மற்ற மென்பொருள்களின் நிலை வேறு.

சிவிஇ எண் என்பது ஓட்டைக்குக் கொடுக்கும் பதிவு எண். உலகம் முழுக்க நிர்வாகிகளும், கணினிகளைத் துழாவி ஓட்டை தேடும் கருவிகளும் இந்தப் பதிவில் உள்ள பொருளின் பெயரை வைத்துத்தான் "நம்மிடம் இது இருக்கிறதா" என்று பார்க்கின்றன. 4863ஆம் எண்ணின் பதிவில் "குரோமில், 116.0.5845.187க்கு முன்" என்று இருந்தது. ஆப்பிளின் பதிவில் இமேஜ்ஐஓ என்று இருந்தது. லிப்வெப்பி என்ற பெயர் இரண்டிலும் இல்லை. நோய் இருந்தது பொதுக் கிணற்றில், அறிவிப்பு ஒட்டியது இரண்டு வீட்டுக் கதவில் மட்டும்.

இது நியாயமான குறை, அப்போதே பாதுகாப்பு ஆய்வாளர்கள் பலர் இதைச் சொன்னார்கள். லிப்வெப்பியின் திருத்திய பதிப்பு 1.3.2 வெளியானது. ஆனால் குரோம் தன்னிடம் இல்லாத ஒரு சர்வர் நிர்வாகி, படங்களைச் சுருக்கும் தன் நிரலுக்குள் அதே ஓட்டை இருப்பதை அந்த எண்ணை வைத்து எப்படி அறிவார்? செப்டம்பர் 25 வாக்கில் கூகுள் சிவிஇ-2023-5129 என்று லிப்வெப்பியின் பெயரிலேயே புதிய எண் ஒன்றைப் பெற்றது. அதற்குத் தீவிர மதிப்பு 10க்கு 10. இரண்டு நாளில் அதே ஓட்டைக்கு இரண்டு எண் என்று சொல்லி அது ரத்தானது, பழைய 4863இன் விளக்கம் விரிவாக்கப்பட்டது. அந்தச் சில நாளில், இது புதிய ஓட்டையா பழையதா என்று தெரியாமல் பலர் குழம்பினார்கள்.

அதைவிடப் பெரிய சுமை, கணினிச் செயலிகளைக் கட்டப் பயன்படும் எலக்ட்ரான் என்ற சட்டகம். கணினியில் நாம் தனிச் செயலி என்று நினைத்துத் திறக்கும் பலவற்றுக்குள் ஒரு முழுக் குரோமியமே உட்கார்ந்திருக்கிறது. ஸ்லாக், டிஸ்கார்ட், சிக்னலின் டெஸ்க்டாப் பதிப்பு, நிரலாளர்கள் பயன்படுத்தும் விஎஸ் கோட், கடவுச்சொல் காக்கும் 1பாஸ்வேர்ட் எல்லாம் இந்த வகை. ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரதி வைத்திருக்கிறது. குரோமைப் புதுப்பித்தால் இவை புதுப்பிக்கப்படுவதில்லை. எலக்ட்ரான் குழு தன் பதிப்புகளைத் திருத்த வேண்டும், அதை வாங்கிச் செயலிக்காரர் தன் செயலியை மறுபடி கட்ட வேண்டும், அதைப் பயனர் இறக்க வேண்டும், இறக்கிய பிறகு மூடித் திறக்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில்தான் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஸ்கைப், வெப்பி பட நீட்டிப்பு ஆகியவற்றுக்கும் திருத்தம் தந்துவிட்டதாக அறிவித்தது. ஆண்ட்ராய்டின் அக்டோபர் பாதுகாப்பு அறிக்கையிலும் இதே எண் இருந்தது, குறிவைத்த தாக்குதலில் பயன்பட்டிருக்கலாம் என்ற குறிப்போடு. அந்த அறிக்கை ஒவ்வொரு போன் நிறுவனத்தின் வழியாக நம் கைக்கு எப்போது வருகிறது என்பது போனைப் பொறுத்தது. சில பழைய போன்களுக்கு வருவதே இல்லை.

அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் சிசா அமைப்பு செப்டம்பர் 13 அன்றே இதைத் தன் 'பயன்பாட்டில் உள்ள ஓட்டைகள்' பட்டியலில் சேர்த்து, கூட்டரசு அலுவலகங்கள் அக்டோபர் 4க்குள் சரிசெய்ய வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு வைப்பது நல்லது. தேதி இல்லாத வேலை எந்த அலுவலகத்திலும் நடக்காது என்பது தணிக்கை அலுவலகத்தில் நான் கண்ணால் பார்ப்பது.

இந்த அலை அடங்குவதற்குள், செப்டம்பர் 27 அன்று, லிப்விபிஎக்ஸ் என்ற வீடியோ தொகுப்பில் இன்னொரு ஓட்டை, சிவிஇ-2023-5217. கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழுவின் கிளெமான் லெசின் 25ஆம் தேதி புகார் கொடுத்தார், இரண்டே நாளில் ஒட்டு வந்தது. இதையும் ஓர் உளவு மென்பொருள் வியாபாரி பயன்படுத்தியிருந்தார். அந்த மாதம் குரோமை இரண்டு முறை அவசரமாக மூடித் திறக்க வேண்டியிருந்தது.

அந்த அலுவலகத்தில் செய்தது

அக்காவின் கணினிக்குத் திரும்புகிறேன். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தைப் பெகாசஸ் தேடி வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் விலையுயர்ந்த ஆயுதமாக இருக்கும் ஓட்டை, விளக்கம் பொதுவில் வந்த பிறகு மலிவாகிவிடும். அந்தக் கணினியில் நூறு வியாபாரிகளின் பான் எண், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எல்லாம் இருந்தன. அவர்கள் பில்களைப் படம் எடுத்து அனுப்பும் வாட்ஸப் வெப்பும் அதே உலாவியில்தான் திறந்திருந்தது.

"டேப் போகாது அக்கா, பாருங்க" என்று சொல்லி கண்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். திறந்திருக்கும் டேப்கள் அத்தனையும் ஒரே போல்டரில் புக்மார்க்காகச் சேர்ந்துவிடும். போல்டருக்குப் பெயர் என்ன வைக்க என்று கேட்டேன். "பாக்கி" என்றார். பாதி நிரப்பிய படிவம் இரண்டு இருந்தது, அவற்றை அவரே சேமித்துக்கொண்டார். பிறகு ரீலான்ச் பொத்தானை அழுத்தினோம். மூடித் திறந்து, டேப்கள் எல்லாம் பழையபடி வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாட்ஸப் அப்படியே இருந்தது, போர்ட்டல்களில் மட்டும் மறுபடி உள்ளே போக வேண்டியிருந்தது. 'குரோம் பற்றி' பக்கம் 188 காட்டியது.

"இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு பயந்துட்டு இருந்தேன்" என்றார்.

அன்று மாலைக்குள் பதினோரு கணினியில் பத்து முடிந்தது. அக்காவே மற்றவர்களுக்கு அந்த மூன்று விசையையும் சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது எல்லோரும் ஒருமுறை உலாவியை மூடிவிட்டுப் போவது என்று பேசி வைத்துக்கொண்டோம். இன்றுவரை பெரும்பாலும் நடக்கிறது. டீம்ஸையும் அன்றே புதுப்பிக்கப் பார்த்தேன், அதற்குரிய திருத்தம் அக்டோபரில்தான் வந்தது.

பதினொன்றாவது கணினி பின்னறையில் இருந்தது. விண்டோஸ் 7. அதில் குரோம் 109இல் நின்றுபோயிருந்தது. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் குரோம் கிடையாது. அப்டேட் பொத்தான் எந்த நிறத்திலும் எரியவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருப்பதைப் போலவே தோன்றியது. அன்று என்னை உண்மையாகவே பயமுறுத்தியது அதுதான். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று அதோடு மட்டும்தான் பேசும் என்பதால் அந்தக் கணினியை விடாமல் வைத்திருந்தார்கள், மதிய இடைவேளையில் யார் யாரோ அதில் செய்தி படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதைக்கு குரோமை நீக்கிவிட்டு, விண்டோஸ் 7க்கு இன்னும் ஒட்டு கொடுத்துக்கொண்டிருந்த பயர்பாக்ஸ் 115இன் நீண்டகாலப் பதிப்பைப் போட்டேன். அதற்கும் 115.2.1 என்று வெப்பி திருத்தம் வந்திருந்தது. தீபாவளி கழிந்ததும் ஆடிட்டர் சாரிடம் பேசி, நெட் கேபிளையே உருவிவிட்டேன். இப்போது அது டேலியில் பில் அடிக்கும், பிரிண்டர் சத்தம் போடும், வேறெதுவும் செய்யாது.